ஆவி விழுந்த ஃபிலிம்

நெகிஷியின் ஃபிலிம் கழுவும் கடை முன்னால் ஆறேழு குடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. குடைகளுக்குக் கீழே பள்ளிக்கூடத்துப் பெண்கள். நடுவில் இருந்த ஒருத்தி வீல் என்று கத்தினாள். மற்றவர்கள் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

மிசாவோ தன் குடையை மடக்கி, அதன் முனையாலேயே வழி ஏற்படுத்திக்கொண்டு முன்னே போனாள். டோக்கியோ பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவளுக்குக் கூட்டத்தைப் பிளப்பது கைவந்த வேலை. கண்டக்டர் இல்லாமலே பஸ் ஓடும் என்று கம்பெனி கண்டுபிடித்த பிறகுதான் அவள் டொகாஷியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

கடையின் கண்ணாடிக்குள் ஒரே ஒரு புகைப்படம். அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு அட்டை: 'அசல் ஆவிப் படம். எங்கள் கடையில் கழுவியது.'

படம் உயரவாக்கில் எடுத்தது. மழையில் நனைந்த ஐரிஸ் பூக்கள் தோட்டம் முழுக்க. அந்தப் பூக்களுக்குள்ளேயே ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் சட்டத்தில் ஒரு கையை ஊன்றி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவர் மார்புக்குள்ளிருந்து இரண்டு பூக்கள் முளைத்திருந்தன. படத்தின் மேல் மூலையில், ஒன்றன் கீழ் ஒன்றாக, மூன்று வெளிறிய உருண்டைகள் மிதந்தன.

"டொகாஷி-சான், இங்க வாங்க," என்று மிசாவோ திரும்பாமலே கூப்பிட்டாள். "நம்ம பல் டாக்டர் நிக்கறார். உயிரோட இருந்தப்போ வீட்டை விட்டு வெளிய வராதவர், செத்த பிறகு பூந்தோட்டம் சுத்தறார்."

டொகாஷி மூக்குக்கண்ணாடியில் வழிந்த மழையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்சம் கூனல். ஒரு காலத்தில் பத்திரிகைக்குக் கோர்ட்டுச் செய்தி எழுதியவர். படத்தை அவர் பார்த்த விதம், தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படிப்பது போலிருந்தது.

அவருக்குப் பின்னால் வந்த ஓரியே, இந்த வழக்கை அவரிடம் கொண்டு வந்தவள், பார்த்தது டாக்டரை அல்ல. கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்தாள்.

"ஜன்னலுக்கு வெளிய," என்றாள். "சரிவுல இறங்குதே, அது எங்க வண்டி."

மிசாவோ உற்றுப் பார்த்தாள். டாக்டரின் தோளுக்குப் பின்னால், ஜன்னல் வழியே, மேட்டுச் சாலையில் ஒரு டாக்ஸியின் பின்புறம். அதன் கூரையில் நத்தை வடிவ விளக்கு. விளக்கின் பாதிக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"போன மாசம் கிளை விழுந்து உடைஞ்சது. அவரேதான் டேப் ஒட்டினார். டோக்கியோவுல இப்படி வேற வண்டி கிடையாது."

அந்த வண்டி இப்போது தெருவோரத்தில் நின்றது, 'சவாரி இல்லை' என்ற பலகையோடு. அதை ஓட்ட வேண்டிய அவள் கணவன் தட்சுவோ போலீஸ் காவலில் இருந்தான். நாளைக் காலை அரசு வழக்கறிஞர் அவன்மேல் கொலை வழக்குப் பதிவு செய்யப் போகிறார். இந்த நாட்டில் வழக்குப் பதிவாகிக் கோர்ட்டுப் படி ஏறியவர்களில் விடுதலையாகி இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது டொகாஷிக்குத் தெரியும். அதை அவர் ஓரியேயிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும்.

விஷயம் சின்னது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் இவாபுச்சி, காமிராக்களோடு தனியாக வாழ்ந்தவர், மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்தார். யாரோ தள்ளியிருக்கிறார்கள். வீட்டில் காணாமல் போனது ஒரே ஒரு பொருள்: யுத்தம் முடிந்த கையோடு வெளிவந்த முதல் நிக்கான் காமிரா. அதைத் தேடி அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள் சேகரிப்பாளர்கள். அன்று பிற்பகல் அதை கின்சா ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்து டாக்டரிடம் கொடுத்தவன் தட்சுவோ. மாடியில் கூச்சல் கேட்டது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. டாக்டருக்குக் காது மந்தம், அவரிடம் யார் பேசினாலும் கூச்சல்தான் என்பதைப் போலீஸ் எழுதிக்கொள்ளவில்லை.

டொகாஷி கடைக்குள் நுழைந்தார்.

நெகிஷி தடித்த, கலகலப்பான மனிதர். மிசாவோவைப் பார்த்ததும், "வாங்க அக்கா, ஆவி பாக்க வந்தீங்களா? பாக்கறதுக்குக் காசு இல்ல, கழுவறதுக்குத்தான்," என்றார்.

"ஆவியோட நெகடிவ் எங்க?"

"ஹனேடா-சான் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க ரோல்தான் அது. டாக்டர் ஞாபகமா அவங்க காமிரா சங்கம் ஹொரிகிரி தோட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்தாங்கல்ல? எடுத்தது பூ. வந்தது டாக்டர். வாங்கினப்போ பாவம், இந்த நாற்காலியிலதான் மயங்கி உக்காந்தாங்க. ஒரு பிரிண்ட்டைத் தொடவே மாட்டேன்னு இங்கயே போட்டுட்டாங்க."

"நீங்க தொட்டு ஜன்னல்ல வெச்சிட்டீங்க," என்றாள் மிசாவோ.

"ஊரே டி.வி.யில ஆவிப் படம் பாக்குதுக்கா. என் கடைக்கு ஒண்ணு வந்தா வேண்டாம்பேனா?"

டொகாஷி குறுக்கிட்டார். "ரோல் முழுக்க இப்படியா?"

"முழுக்க. பூ மேல வீடு, பூ மேல டாக்டர். இன்னொண்ணு, ஒவ்வொரு படத்துலயும் ஒரு பட்டை ஓடுது. அந்தப் பட்டையில பூ மட்டும்தான் தெரியும், ஆவி தெரியாது. முதல் படத்துல ஓரத்துல இருந்த பட்டை அடுத்ததுல கொஞ்சம் உள்ள வருது, அதுக்கு அடுத்ததுல இன்னும் உள்ள. என் மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு பயந்து ரெண்டு தடவை துடைச்சேன்."

"இந்த உருண்டைகள்?"

"அது ஆத்மாங்கறாங்க. உயரவாக்குல எடுத்த ஆவிப் படத்துல மட்டும் வருது. அகலவாக்குல எடுத்ததுல ஒண்ணுல கூட இல்ல."

டொகாஷியின் புருவம் லேசாக ஏறியது. "நெகடிவ் இப்போ ஹனேடா-சான் வீட்டுல இருக்கா?"

"வீட்டுல வெச்சிருப்பாங்களா? மேட்டுக் கோயில்ல கொடுத்து மந்திரம் சொல்லி எரிக்கப் போறாங்க. சங்கத் தலைவர் குசே-சான்தான் சொன்னாராம், டாக்டர் மனசு ஆறல, அக்னியில போட்டாத்தான் ஆறும்னு."

"என்னிக்கு?"

நெகிஷி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பதான். மூணு மணிக்குப் பூஜை."

கடிகாரம் மூன்றடிக்கக் கால் மணி இருந்தது.

ஓரியே அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தாள்.

மழைக்கு வைப்பர்கள் ஈடுகொடுக்க முடியாமல் முனகின. ஓரியே மீன் கடைச் சந்தில் நுழைந்து, குப்பைக் கூடை ஒன்றை உரசி, மறுபக்கம் வெளியே வந்தாள். பின் சீட்டில் மிசாவோ இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஓட்டுவாரா?"

"அவர் ரொம்ப நிதானம்."

"அதான் போலீஸ் புடிச்சிருச்சு."

சொன்ன பிறகுதான் மிசாவோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஓரியே மூக்கால் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள். அவள் சிரித்து மிசாவோ கேட்டது அதுவே முதல் தடவை.

ரயில்வே கேட்டில் சிவப்பு விளக்கு மின்னி, மணி அடித்து, மூங்கில் தடி இறங்கியது. ஒரு ரயில் போனது. தடி எழவில்லை. எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வருகிறது என்று அம்புக்குறி காட்டியது.

ஓரியே ஸ்டியரிங்கை முஷ்டியால் குத்தினாள்.

"இந்த கேட் தொறக்காதுன்னு ஊருக்கே தெரியும்," என்றாள் மிசாவோ. "டொகாஷி-சான், நான் இறங்கி ஓடட்டுமா?"

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேடு ஒரு மைல். உக்காரு. ஒரு ரோல் ஃபிலிம்ல ரெண்டு தடவை படம் எடுக்க முடியுமா, சொல்லு."

"முடியும். யாராவது எடுத்து முடிச்ச ரோலைப் புதுசுன்னு நெனைச்சு மறுபடி போட்டா."

"எடுத்து முடிச்சா ஃபிலிம் டப்பாக்குள்ள முழுக்கச் சுருண்டு போயிடுமே. புதுசுலதான் நுனி வெளிய நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். எப்படி ஏமாறுவாங்க?"

மிசாவோ யோசித்தாள். ரயில் தடதடத்துப் போனது. தடி எழவில்லை.

"கடையில கழுவக் குடுக்கறவங்க முழுக்கச் சுருட்டிடுவாங்க," என்றார் டொகாஷி. "வீட்டு இருட்டறையில தானே கழுவறவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க. நுனியைக் கொஞ்சம் வெளியவே விட்டுடுவாங்க. இல்லன்னா டப்பாவை நெம்பி உடைக்கணும். டாக்டர் தானே கழுவறவர். தனி ஆள். எடுத்த ரோல் எது, புதுசு எதுன்னு அவருக்குத் தெரியும், வேற யாருக்குத் தெரியணும்?"

"அப்போ டாக்டரோட ரோலை யாரோ புதுசுன்னு நெனைச்சு எடுத்திருக்காங்க."

"அந்த ரோல் எந்தக் காமிராவுல ஓடினதுன்னு பட்டை சொல்லுது. இன்னிக்கு எல்லாக் காமிராவும் ஒரே அகலத்துலதான் படம் எடுக்கும். யுத்தம் முடிஞ்ச புதுசுல ஃபிலிம் கிடைக்காத காலம். நம்ம ஊர் ஆளுங்க படத்தோட அகலத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஒரே ரோல்ல நாலு படம் கூடுதலா அடக்கினாங்க. முதல் நிக்கான் அப்படி. அமெரிக்காக்காரன் ஸ்லைடு சட்டத்துக்கு அது பொருந்தல, அதனால கொஞ்ச நாள்ல நின்னுபோச்சு. குறுகலான படம் மேல அகலமான படத்தை வரிசையா அடுக்கினா என்ன ஆகும்? ரெண்டும் கால் சேராது. இடைவெளி நகர்ந்துக்கிட்டே போகும்."

"அதான் நெகிஷி மெஷினைத் துடைச்சது." மிசாவோவின் முதுகு நிமிர்ந்தது. "காணாமப் போன காமிராவுல எடுத்த படம்! ரிப்பேர் முடிஞ்சு வந்ததே அன்னிக்கு மத்தியானம்தான். அதுல தட்சுவோ-சான் கிளம்பிப் போற வண்டி தெரியுது. டாக்டர் சிரிச்சுக்கிட்டு உயிரோட நிக்கறார்."

முன் சீட்டிலிருந்து ஓரியே திரும்பினாள். "அப்போ என் புருஷன்..."

"உங்க புருஷன் வண்டியில இருக்கார்," என்றார் டொகாஷி. "டாக்டர் ஜன்னல்கிட்ட இருக்கார். எல்லாரும் டாக்டர் மூஞ்சியையே பாக்கறாங்க. டாக்டர் காமிராவுல டாக்டரைப் படம் எடுத்துக்கிட்டு எதிர்ல நின்னவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கல."

"குசே," என்றாள் மிசாவோ உடனே. "சங்கத் தலைவர். அலமாரி நிறைய லைக்கா காமிரா வெச்சிருக்கார், நிக்கான்ல முதல் மாடல் மட்டும் இல்லன்னு புலம்புவாராம். இப்போ நெகடிவை எரிக்கச் சொல்றதும் அவர்தான். பேய் பிசாசுன்னா சிரிக்கற ஆளு!"

டொகாஷி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த உருண்டைங்கதான் என்னைக் குடையுது," என்றார். "ஆத்மாவுக்குக் காமிராவை நிமிர்த்திப் புடிச்சா என்ன, படுக்கப் புடிச்சா என்ன?"

தடி எழுந்தது. அது பாதி எழும்போதே ஓரியே வண்டியை அடியில் நுழைத்துவிட்டாள்.

கோயில் முற்றத்தில் ஊதுபத்திப் புகை மழைக்கு அடியில் படிந்து கிடந்தது. செருப்புகளைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து தீயின் சடசடப்புக் கேட்டது.

சின்னக் கூடம். நடுவில் இரும்புத் தீச்சட்டி. அதற்குப் பின்னால் கறுப்பு அங்கியில் கோயில் குரு ரியோசென். அகன்ற தோள், மிருதுவான முகம், நாற்பது வயதிருக்கும். ஊரார் மரியாதையாக 'ஓஷோ-சான்' என்று அழைப்பது அவரைத்தான். இடப்பக்கம் ஹனேடா அம்மாள், கைக்குட்டையைக் கசக்கியபடி. வலப்பக்கம் குசே, வெள்ளைத் தலை, துக்கத்துக்கு வந்த இடத்திலும் கழுத்தில் லைக்கா. மூவர் கையிலும் ஜெபமாலை. சுவரோரம் சட்டத்துக்குள் டாக்டரின் படம், அதற்கு மேலே தொங்கும் நீளமான சுருள் ஓவியம். குருவின் முழங்காலருகே ஒரு மரத் தட்டு. அதில் நெகிஷி கடையின் மஞ்சள் உறை.

மிசாவோவுக்குத் தட்டு மட்டும்தான் தெரிந்தது. நான்கு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். குரு கையை நீட்டினாலே போதும், நெருப்பில் விழுந்துவிடும்.

குசே ஓரியேயைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இந்தம்மா இங்க எதுக்கு? யார் வீட்டு ஆள்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"மன்னிச்சுக்கங்க," என்று டொகாஷி பாயில் நெற்றி படக் குனிந்தார். "ஓஷோ-சான், பூஜையைத் தடுக்க வரல. எரிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு வேண்டுகோள்."

குரு கனிவாகத் தலையசைத்தார். "சொல்லுங்க."

"டாக்டர் போன பிறகு சங்கத்துக்காரங்க சேர்ந்து நிக்கற படம் ஒண்ணுகூட இல்ல. அவர் படத்துக்கு முன்னால, மேல தொங்கற அந்தச் சுருள் ஓவியமும் தெரியற மாதிரி, ஒண்ணு எடுத்துக்கலாமா? அவர் வாழ்ந்ததே காமிராவோடதானே."

மிசாவோ அவரையே வெறித்துப் பார்த்தாள். இந்த மனிதருக்குப் பைத்தியமா? தீ எரிகிறது, தட்டு காத்திருக்கிறது, இவருக்குக் குரூப் ஃபோட்டோ வேண்டுமாம்!

ஹனேடா அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "நல்ல யோசனை. டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்."

"நான் எடுக்கறேன்," என்று குசே முன்வந்தார். ஜெபமாலையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கழுத்துவாரைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். லென்ஸ் மூடியைக் கழற்றினார். எல்லாம் மூச்சு விடுவதுபோல் நடந்தது. காமிராவை நிமிர்த்திப் பிடித்தார். க்ளிக்.

"அழகா எடுத்தீங்க," என்றார் டொகாஷி. "ஆனா தலைவர் இல்லாத படம் எப்படி? ஓஷோ-சான், நீங்களும் சங்கத்து ஆள்தானே, ஒண்ணு எடுங்களேன்."

"நான் எப்பவும் ரிஃப்ளெக்ஸ் காமிராதான் வெச்சிருக்கேன். குசே-சானோட லைக்கா எனக்குப் பழக்கம் இல்ல."

"எல்லாம் செட் பண்ணியிருக்கேன், அமுக்கினாப் போதும்," என்று குசே அவர் கையில் திணித்துவிட்டு வந்து நின்றார். மிசாவோ தட்டுக்குப் பக்கத்திலேயே, வரிசையின் ஓரமாக, மண்டியிட்டாள். ஓரியே வாசல்நிலையை விட்டு நகரவில்லை.

"சுருள் ஓவியமும் முழுசா வரணும்," என்றார் டொகாஷி. "நிமிர்த்திப் புடிங்க."

குரு காமிராவை நிமிர்த்தினார். இடது கை மேலே போனது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வியூஃபைண்டரின் சின்னத் துளையில் வைத்தார். அங்கியின் கை பின்னால் சரிந்தது. மணிக்கட்டில் சுற்றியிருந்த பளிங்கு ஜெபமாலை நழுவி, மெல்ல இறங்கி, லென்ஸுக்கு முன்னால் தொங்கியது. ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று மணிகள் தீயின் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மின்னின.

எதிரில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது. காமிராவுக்குப் பின்னால் இருந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

"இங்க பாருங்க," என்றார் குரு. க்ளிக்.

மிசாவோ தட்டை நோக்கி ஒரு சாண் நகர்ந்தாள்.

"நல்லா வந்திருக்குமா, ஓஷோ-சான்?" டொகாஷி கேட்டார்.

"வந்திருக்கும்னு நெனைக்கறேன்."

"குறுக்க எதுவும் மறைக்கலியே?"

"இல்லையே. எல்லாரும் தெளிவாத் தெரிஞ்சாங்க."

"அட, ஓஷோ-சான்!" குசே பொறுக்க முடியாமல் வெடித்தார். "மாலையை லென்ஸுக்கு முன்னால தொங்க விட்டுட்டு என்ன தெளிவு? ரிஃப்ளெக்ஸ் ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். அதுல லென்ஸ் வழியாவே பாக்கறீங்க, ஈ உக்காந்தாக் கூடத் தெரியும். இது வேற! பாக்கற ஓட்டை ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம். படத்துல மூலையில வெள்ளை வெள்ளையா உருண்டை..."

அவர் நிறுத்தினார். வாய் மூடவில்லை. கண்கள் மட்டும் மஞ்சள் உறைக்குப் போயின, பிறகு குருவின் மணிக்கட்டுக்கு.

தீ சடசடத்தது.

"ஹனேடா-சான்," டொகாஷியின் குரல் உயரவே இல்லை. "தோட்டத்துல உங்களுக்கு ஃபிலிம் தீர்ந்துபோச்சு, இல்லையா? யார் குடுத்தாங்க?"

ஹனேடா அம்மாள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அதற்குள்ளிருந்து பதில் வந்தது. "ஓஷோ-சான். அங்கிக் கைக்குள்ளேர்ந்து எடுத்துக் குடுத்தார். புதுசு, நாக்கு வெளிய இருந்துச்சு..."

குரு தட்டைப் பார்த்தார். அதிலிருந்த உறையின் மேல் மிசாவோவின் முழங்கால் இருந்தது.

"என் எடை தெரியாம இழுக்காதீங்க, ஓஷோ-சான்," என்றாள் அவள். "பஸ்லயே டிரைவர் புகார் பண்ணியிருக்கார்." சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் முழங்காலை அவள் அசைக்கவில்லை.

குரு இழுக்கவில்லை. லைக்காவை இரண்டு கையாலும் குசேயின் முன்னால் பாயில் வைத்தார். மாலையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து பீடத்துக்குப் பின்னால் போனார். மிசாவோ பாதி எழுந்தாள். டொகாஷி கண்ணால் உட்கார வைத்தார்.

அவர் திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஒரு பட்டுத் துணி மூட்டை இருந்தது. விரித்தார். ஓரங்களில் பித்தளை தெரியத் தேய்ந்த, சின்னக் காமிரா.

"இது எங்கப்பாவோடது. பஞ்ச காலத்துல கோயிலுக்கு அரிசி வேணும்னு டாக்டர்கிட்ட வித்துட்டார். சாகற வரைக்கும் அதைப் பத்திப் பேசுவார். டாக்டர் எனக்கே திருப்பித் தர்றதாச் சொல்லிக்கிட்டே இருந்தார். அன்னிக்குப் போனா, நாளைக்கு அமெரிக்காக்காரன் வரான், அவனுக்குக் குடுக்கப் போறேன்னார். ஆசைக்கு ஒரு ரோல் எடுத்துக்கோன்னு அவரே ஃபிலிம் போட்டுக் குடுத்தார். எடுத்தேன். அவரே சுருட்டி வெளிய எடுத்தார். அப்புறம் கையை நீட்டினார், காமிராவைக் குடுன்னு. நான் குடுக்கல. படிகிட்ட ரெண்டு பேரும் இழுத்தோம்."

"மேஜையில இருந்த ரோலை எல்லாம் எடுத்துட்டு வந்தீங்க," என்றார் டொகாஷி.

"அஞ்சாறு கிடந்தது. ஒண்ணு மட்டும் முழுக்கச் சுருண்டிருந்தது. எடுத்தது அதுன்னு நெனைச்சு இந்தச் சட்டியிலயே எரிச்சேன். மத்தது எல்லாம் நாக்கு வெளிய இருந்துச்சு. புது ஃபிலிமை எரிக்க மனசு வரல." அவர் உதடு கோணியது. "ஹனேடா-சான் படத்தைக் காட்டினப்போதான் தெரிஞ்சது. எரிக்கணும்னு குசே-சானே சொன்னதும், புத்தர் காப்பாத்திட்டார்னு நெனைச்சேன்."

வாசலிலிருந்து ஓரியே வந்தாள். ஈரக் காலுறை பாயில் தடம் பதித்தது. குருவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"என் புருஷன் உள்ள இருக்கார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாளைக்குக் கேஸ் போடப் போறாங்கன்னும் தெரியும்."

"டாக்டருக்காக தினமும் பிரார்த்தனை பண்ணிக்கிட்டுத்தான்..."

"அவர் செத்துட்டார். உயிரோட இருக்கறவங்களுக்காக ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

குரு தலை குனிந்து, நெற்றி பாயில் படும்வரை குனிந்து, அப்படியே இருந்தார். ஓரியே அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மிசாவோ முழங்காலை நகர்த்தி உறையை எடுத்தாள். நெகடிவ் துண்டு ஒன்றைத் தீ வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார் டொகாஷி. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் புரண்ட உலகத்தில், பூக்களுக்குள், டாக்டர் கறுத்த பல்லோடு சிரித்தார்.

தலை தூக்காமலே குரு கேட்டார்: "கண்ணு ஃபோகஸ்ல இருக்கா?"

குசேதான், வேண்டா வெறுப்பாக, கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இருக்கு," என்றார்.

கோயில் அலுவலறைத் தொலைபேசியில் டொகாஷி போலீஸை அழைத்தார். முதலில் வந்த இன்ஸ்பெக்டர் ஈரக் கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கேட்டார். காமிராவைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு உறைக்காகக் கை நீட்டினார்.

"நானே கொண்டு வரேன்," என்றாள் ஓரியே.

"அம்மா, இது சாட்சிப் பொருள்..."

"தெரியும். உங்க முன்னாலயே உக்காந்து வரேன். கை மாத்த மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் டொகாஷியைப் பார்த்தார். டொகாஷி மழையைப் பார்த்தார்.

"நடுவுல தொடாதீங்க," என்று மிசாவோ அவள் காதோரம் சொன்னாள். "ஓரத்தை மட்டும் புடிங்க. ரேகை பட்டா அழிஞ்சிடும்."

ஓரியே உறையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே தன் வண்டி தெரியும் அந்த ஒரு நெகடிவ் துண்டை மட்டும், இரண்டு கை விரல் நுனிகளாலும் ஓரம் பிடித்து, மார்புக்கு முன்னால் ஏந்திக்கொண்டாள். செருப்பை மாட்ட அவளுக்குக் கை இல்லை. மிசாவோ குனிந்து மாட்டிவிட்டாள். குடை பிடிக்கக் கை இல்லை. குசே ஓடி வந்து பிடித்தார். போலீஸ் வண்டியின் கதவை இன்ஸ்பெக்டரே திறந்துவிட்டார்.

அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படாமல் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். கண்ணை அந்தத் துண்டிலிருந்து எடுக்காமலே, "போகலாம்," என்றாள்.